ரொறன்ரோ மாப்பிளைக்குக் கைற் சாமான் எடுத்துக் குடுத்த கதை

முழங்கால்த் தண்ணிக்குள்ளை ஒரு மனிசன் தாழுறது லேசான வேலையில்லை. அல்லைப்பிட்டிப் பக்கம் பட்டத்தாலை இழுபட்டுக் கடலிலை ஓடப் பழக்கிற எங்கடை கைற் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலை கிடக்கிற கடல் அப்பிடித்தான், ஆடு கூட நடந்து போகும். ஆனால் அண்டைக்குக் காலமை ஒருத்தர் அதிலை தாண்டு காட்டப் பாத்தார். முகம் தண்ணிக்குள்ளை, ரெண்டு காலும் ஆகாயத்திலை, காலிலை ஒரு பலகை. பலகையை உதறுறார், அது கழருதில்லை. ஏனெண்டால் கால் ரெண்டும் பலகையோடை சேத்துப் பூட்டின சப்பாத்துக்குள்ளை.

நான் கையிலை கிடந்த துவாயை எறிஞ்சுபோட்டு ஓடிப்போய் ஆளைப் பிரட்டி விட்டன். மூக்காலையும் வாயாலையும் தண்ணி வருது. அதுக்கிடையிலை சொல்லுறார், "அக்கா, ஐ ஆம் ஓகே. வோம் அப் செய்யிறன்."

"தம்பி, வோம் அப்பே இப்பிடியெண்டால் மிச்சத்துக்கு நான் கடைசிச் செபம் சொல்லச் சுவாமியாரைக் கூப்பிட வேணும்" எண்டன்.

எங்கடை சாமான் கொட்டிலுக்குப் புதிசாய் வேலைக்கு வாற பிள்ளையள் எல்லாரும் என்னட்டைக் கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு. "ஜசிந்தாக்கா, முந்தி வேக்போட் ஓடினவை வந்தால் என்ன சாமான் குடுக்கிறது?" ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நோகுது. அதுதான் இந்தத் தம்பியின்ரை கதையை எழுதி வைக்கிறன். நான் குருநகர். முந்திப் படங்கு தைக்கிற கடையிலை மெசினிலை இருந்தனான். கிழிஞ்ச கைற்றுகளைத் தைக்க ஆள் வேணுமெண்டு இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தவை, பேந்து கொட்டில் முழுக்க என்ரை தலையிலை விழுந்திட்டுது. எனக்கு வாய் கூட எண்டு முதலாளி அன்ரன் அண்ணை சொல்லுவார். வாயில்லாதவை இந்த வேலைக்கு வரப்படாது.

1. சாமான் தெரிவு

தம்பியின்ரை பேர் டிலக்சன். பிறந்தது ரொறன்ரோவிலை. ஆனால் தமிழ் வடிவாய்க் கதைப்பார், அம்மாவின்ரை பேச்சு வாங்கி வளந்த தமிழ். கொட்டிலுக்குள்ளை வந்து கண்ணாடியைக் கழட்டித் தலையிலை வைச்சுப்போட்டு, "அக்கா, நான் சின்னனிலையிருந்து வேக்போட். எனக்கு பிகினர் சாமான் வேண்டாம்" எண்டார்.

வேக்போட் தெரியாத பிள்ளையளுக்குச் சொல்லுறன். எஞ்சின் போட்டிலை ஒரு கயித்தைக் கட்டி, கயித்து நுனியிலை ஒரு பிடி. அந்தப் பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பலகையிலை நிண்டு இழுபட்டுப் போறது. கைற்றிலை போட் இல்லை. மேலை நிக்கிற பட்டம்தான் இழுக்கும். பலகை ரெண்டும் தூரத்திலை நிண்டு பாத்தால் ஒண்டுதான். கிட்டப்போனால்தான் விசயம் வேறை.

டிலக்சன் ஐஸ்கிறீம் கடைக்கு வந்த சின்னப்பிள்ளை மாதிரி ஒவ்வொண்டாய்க் காட்டுறார். கொட்டிலிலையே சின்னதும் வளைஞ்சதுமான பலகை. பன்னிரண்டு மீற்றர் சிவப்புக் கைற். சப்பாத்து அவரே ரொறன்ரோவிலையிருந்து கொண்டு வந்திருக்கிறார், தனி பாக்கிலை, துணியாலை சுத்தி.

"ஹார்னஸ்?" எண்டு கேட்டன். கைற்றின்ரை இழுவையை இடுப்பிலை தாங்கிற பட்டி அது.

"தேவையில்லை அக்கா. எனக்குக் கை பலம்."

"கை ரெண்டும் தோளோடை சேந்து திரும்பி வரோணுமெண்டால் தேவை."

நான் மூலையிலை சாத்தி வைச்சிருந்த பெரிய மஞ்சள் பலகையை எடுத்து முன்னாலை வைச்சன். அகலம், நீளம், தட்டை. அதை நாங்கள் கொட்டிலிலை கதவு எண்டுதான் சொல்லுறது. மேலை சப்பாத்து இல்லை, காலை நுழைக்கிற வார் மட்டும். அதோடை ஒன்பது மீற்றர் கைற்றும் இடுப்பு ஹார்னஸும்.

டிலக்சன் கதவைப் பாத்தார். என்னைப் பாத்தார். "அக்கா, இதை வைச்சுக்கொண்டு நான் எப்பிடி ஆக்களுக்கு முன்னாலை போறது?"

"எந்த ஆக்கள்?"

அப்பதான் வாயிலையிருந்து விசயம் வந்திது. பருத்தித்துறையிலை ஆரணி எண்டு ஒரு பிள்ளை, கணக்கு ரீச்சர். ரெண்டு வீட்டாரும் பேசி, சாதகமும் பொருந்தி, இவை ரெண்டு பேரும் கன நாளாய்ப் போனிலை கதைக்கினம். ஆனால் ஆரணி இன்னும் ஓம் சொல்லேல்லை. ஆளை நேரிலை பாத்துத்தான் சொல்லுவன் எண்டு நிக்கிறா. ஆரணியின்ரை அப்பா சிவராசா, இரும்புச் சாமான் கடை வைச்சிருக்கிறவர், பட்டம் எண்டால் விசர். தைப்பொங்கலுக்குத் தம்பிமார் எல்லாரையும் சேத்து வீட்டுக் கூரையளவு பட்டம் கட்டி ஏத்திற மனிசன். அந்த மனிசனுக்கு இந்தத் தம்பி போனிலை சொல்லியிருக்கிறார், "மாமா, நானும் பட்டம் விடுவன். என்ரை பட்டம் என்னையே தண்ணிக்கு மேலாலை இழுக்கும்" எண்டு. மனிசன் சந்தோசத்திலை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடை பாக்க வாறன் எண்டிட்டார்.

"அப்ப முந்திக் கைற் ஓடியிருக்கிறியள்தானே?" எண்டு கேட்டன்.

"இல்லை அக்கா. வேக்போட் தெரிஞ்சால் கைற் ஈசி எண்டு நினைச்சன்."

நான் கதிரையிலை இருந்திட்டன். அண்டைக்கு வியாழக்கிழமை.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளையை அவ்வளவுக்குப் பிடிச்சிருக்கோ?"

"அவ வேண்டாமெண்டு சொன்னால் நான் திரும்பிப் போய் என்னத்தைச் செய்யிறது எண்டே தெரியேல்லை அக்கா" எண்டார். கண் கலங்கிப் போச்சு. எனக்கும் ஒருமாதிரிப் போச்சு. சரி, பிள்ளையை எப்பிடியாவது ஞாயிற்றுக்கிழமைக்கு ஓட வைக்கிறது எண்டு அந்த இடத்திலை முடிவெடுத்தன்.

அடுத்த நாள் நான் வாறதுக்கு முதல், எங்கடை சாமான் பெட்டியிலையிருந்து குறடு எடுத்துத் தன்ரை சப்பாத்தை வளைஞ்ச பலகையிலை பூட்டிக்கொண்டு ஆள் தண்ணிக்குள்ளை குதிச்சிருக்கு. அதுதான் முதல் சொன்ன தாழ்ந்த படலம். கைற்றே இல்லாமல்!

2. வாழைப்பழமும் கதவும்

சப்பாத்தை நான் பறிச்சு மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டினன். டிலக்சன் விடுறாரோ, பின்னாலையே வாறார்.

"அக்கா, வேக்போட்டிலை எல்லாரும் பூட்ஸ்தான்."

"வேக்போட்டிலை விழுந்தால் என்ன நடக்கும்?"

"போட் சுத்திக்கொண்டு வந்து ஏத்தும்."

"இஞ்சை ஆர் சுத்திக்கொண்டு வாறது? அன்ரன் அண்ணையோ? அவர் கதிரையாலை எழும்பவே அரை மணித்தியாலம். கைற்றிலை விழுந்தால் பலகையைக் கழட்டி விட்டிட்டு எழும்பி நடக்கோணும். காலிலை பூட்டிக்கொண்டு என்னெண்டு நடப்பியள்?"

பூட்டின லாச்சியை ஒருக்கால் இழுத்துப் பாத்தார். பேந்து அடுத்தது தொடங்கினார். வளைஞ்ச பலகைதான் துள்ள விடுமாம், தட்டைப் பலகை செத்த பலகையாம்.

இதைப் பிள்ளையள் கவனமாய்க் கேக்கோணும். வேக்போட் பலகை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கும். வளைவு தண்ணியைத் தள்ளும், தள்ளத் தள்ள இழுவை கூடத் தேவை. போட்டுக்கு அது பிரச்சினையில்லை, ஓட்டுறவனிட்டை "இன்னும் குடு" எண்டால் குடுப்பான். சோளகக் காத்திட்டை ஆர் போய்ச் சொல்லுறது? தட்டைப் பலகையெண்டால் கொஞ்சக் காத்துக்கே மிதந்து ஓடும், காத்து வாற பக்கமாய்த் திரும்பியும் வரும். வளைஞ்ச பலகையிலை புதுசாய்ப் போறவை காத்தோடை ஒரேயடியாய்ப் போவினம். திரும்பி வாறது ஓட்டோவிலை.

கைற் அளவும் அப்பிடித்தான். "பெரிசு பலம்தானே அக்கா" எண்டார். சோளகம் விசுக்கிற நாளிலை பன்னிரண்டு மீற்றரைக் குடுத்தால் பருத்தித்துறைக்குப் பொம்பிளை பாக்கப் போக வான் தேவையில்லை, கைற்றே கொண்டுபோய் அவையின்ரை வீட்டு முத்தத்திலை போடும். ஒன்பது போதும்.

ஹார்னஸைக் கட்டி, அதின்ரை கொளுக்கியிலை பாரின்ரை, அதாவது கையாலை பிடிச்சுக் கைற்றை ஓட்டிற தடியின்ரை, வளையத்தைக் கொளுவிக் காட்டினன். "இதுக்குப் பேர் சிக்கன் லூப்."

"ஏனக்கா சிக்கன்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? பேர் வைச்சவனுக்குப் பசிச்சிருக்கும்."

3. விடுறது

சாமானிலை பிழையில்லை. பிழை தம்பியின்ரை கையிலை. வேக்போட்காரர் எல்லாருக்கும் இருக்கிற நோய் அது. பிடியை வயித்தோடை சேத்து இழுத்து வைச்சிருக்கிறது. அங்கை அதுதான் சரி. கைற்றிலை பாரை இழுத்தால் இழுவை கூடும், விட்டால் குறையும். பாரை முழுக்க விட்டாலும் கைற் போகாது, இடுப்பிலை கொளுவிக் கிடக்கு. காத்து வழுக்கிப் போகும், அவ்வளவுதான்.

இதை நான் சொன்னன். அன்ரன் அண்ணை சொன்னார். டிலக்சன் தலையாட்டினார். கைற் எழும்பிச்சுது, இழுத்துது, உடனை பாரை வயித்தோடை சேத்துப் பிடிச்சார். பிடிக்கப் பிடிக்க அது கூட இழுக்குது, இழுக்க இழுக்க இவர் கூடப் பிடிக்கிறார். ஆள் முகத்தாலை கடலை உழுது கொண்டு போறார்.

"விடு தம்பி! விடு!"

எங்கை விடுறது? கைற் தானாய்க் களைச்சு விழுந்தாப்பிறகுதான் நிண்டார். வாய் நிறையச் சாதாளைப் பாசி.

"ஏன் விடேல்லை?"

சாதாளையைத் துப்பிப்போட்டுச் சொன்னார், "விட்டால் போட் போயிடுமே அக்கா."

மாதாவே! எந்தப் போட்? நான் தலையிலை கை வைச்சன். பேந்து சொன்னன், "தம்பி, வேக்போட்டிலை விட்டால் தாழுவியள். கைற்றிலை விடாட்டில் தாழுவியள். இனி நான் விடு எண்டால் யோசிக்கிறேல்லை. கையை விரிக்கிறது."

வெள்ளி பின்னேரமும் சனி முழுக்கவும் அதுதான் பாடம். கொட்டில் தூணிலை ஒரு பாரைக் கட்டி, ஆளைப் பிடிக்க விட்டிட்டு, நான் பக்கத்திலை இருந்து கைற் தைப்பன். நடுவிலை ஒருக்கால் "விடு!" எண்டு கத்துவன். முதல் முதல் ஒரு கணம் யோசிச்சார். பேந்து கை தானாய் விரிஞ்சுது. சனிக்கிழமை மத்தியானம் கொத்துறொட்டிப் பாசல் கையிலை இருக்கேக்கை பழக்கத்திலை "விடு!" எண்டிட்டன். பாசல் மண்ணிலை. எங்கடை கடற்கரை நாய்க்கு அண்டைக்குப் பெருநாள்.

"அக்கா!" எண்டு அழுவாரைப் போலை நிண்டார்.

"பாஸ்" எண்டன். என்ரை சாப்பாட்டிலை பாதி குடுத்தன்.

பின்னேரம் கதவிலை ஏறி நிண்டு, கரையோடை நல்ல தூரம் ஓடினார். திரும்பியும் வந்தார். எனக்குச் சந்தோசத்திலை கை தட்டோணும் போலை இருந்தது. ஆனால் தட்டேல்லை. வேக்போட்காரருக்குக் கை தட்டினால் சப்பாத்தைத் திருப்பிக் கேப்பினம்.

4. பருத்தித்துறை வான்

ஞாயிற்றுக்கிழமை நான் முதல் பூசைக்குப் போட்டு வந்து சேர, வான் வந்து நிக்குது. சிவராசா ஐயா, அவரின்ரை தம்பிமார் ஒரு படை, ஆரணி, ஆரணியின்ரை அம்மா. அம்மா கையிலை சாப்பாட்டுக் கூடை. சிவராசா ஐயா கையிலை ஒரு விண். பட்டத்திலை கட்டினால் காத்துக்கு ஊருக்கே கேக்க ஊதிற வில்லு அது.

கைற்றுக்குப் பம்பாலை காத்தடிக்கிறதைச் சுத்தி நிண்டு பாத்தினம். சிவராசா ஐயா குனிஞ்சு, பட்டமெண்டால் முச்சை கட்டிற இடத்து நூலுகளைத் தடவிப் பாத்தார். "முச்சை பிழை பிள்ளை. வாலும் இல்லை. உது நிக்காது."

"நிக்கும் ஐயா."

"சரி, விண்ணையாவது கட்டு. சத்தமில்லாத பட்டம் என்ன பட்டம்?"

அன்ரன் அண்ணைக்கு வாற ஆக்களின்ரை முகம் வாடக் கூடாது. என்ரை காதுக்குள்ளை வந்து, "பிள்ளை, ஒரு ஓரமாய்க் கட்டி விடன்" எண்டார்.

"கட்டுங்கோ அண்ணை. நான் வீட்டை போறன்."

கடைசியிலை விண்ணைக் கொட்டில் கூரையிலை கட்டினம். அண்டைக்கு முழுக்கக் கொட்டில் ஊதிக்கொண்டே நிண்டுது.

சிவராசா ஐயா ஒன்பது மீற்றரைப் பாத்து, "சின்னப் பட்டமாய்க் கிடக்கு. பெரிசு இல்லையோ?" எண்டு கேட்டார். டிலக்சன் என்னைக் கெஞ்சிற மாதிரிப் பாத்தார். நான் சிவப்புக் கைற் பாக்குக்கு மேலை ஏறிக் குந்தினன். பேந்து கதவு வெளியிலை வந்திது. தம்பிமாரிலை ஒருத்தர், "உது கதவெல்லோ!" எண்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். ஆரணி சிரிக்கேல்லை. டிலக்சன் ஹார்னஸைக் கட்டுறதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா.

முதல் ஓட்டம் அருமை. கதவு பறக்குது, கைற் அசையாமல் நிக்குது. அம்மா கூடையை வைச்சிட்டுக் கை தட்டினா. சிவராசா ஐயா கூட, "பரவாயில்லை, நிக்குது" எண்டார்.

ரெண்டாவது ஓட்டத்திலை ஆரணி போனைத் தூக்கிப் படம் எடுத்தா. அதைத் தம்பி கண்டிட்டார். கிட்ட வரோணும் எண்டு ஆசை. கரைக்கு வலு கிட்ட வந்தார். அந்த நேரம் பாத்துச் சோளகம் ஒரு இழுப்பு இழுத்துது. பழைய நோய் திரும்பிச்சுது, பாரை வயித்தோடை சேத்துப் பிடிச்சார். பலகை தண்ணியிலை நிக்க ஆள் மண்ணுக்கு வந்திட்டார். மண்ணிலை ரெண்டு பாய்ச்சல். அங்காலை முள்ளுக்கம்பி வேலி.

நான் ஓடத் தொடங்கேக்கை எனக்கு முன்னாலை சிவராசா ஐயாவும் தம்பிமாரும் ஓடுகினம். பொங்கலுக்குப் பொங்கல் செய்யிற வேலையெல்லே, ஆருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. ஒருத்தர் ஹார்னஸிலை, ஒருத்தர் காலிலை, சிவராசா ஐயா இடுப்பைக் கட்டிப் பிடிச்சார். எல்லாரும் ஒரே குரலிலை கத்துகினம்.

"விடாதை! பிடி! பிடி! பட்டத்தை விடாதை!"

கட்டியிருந்த சாரம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், படையே வேலிப் பக்கம் இழுபட்டுப் போகுது.

"விடு!" எண்டு கத்தினன். "டிலக்சன், விடு!"

அந்தத் தம்பியின்ரை முகத்தை நான் பாத்தன். இடுப்பைக் கட்டிக்கொண்டு, காதுக்குள்ளை விடாதை எண்டு கத்திறது மாமா. ஓம் சொல்ல வேண்டிய வீட்டின்ரை மாமா. வேலி கிட்ட வந்திட்டுது.

கையை விரிச்சார்.

பார் மேலை போச்சுது, கைற் செத்தது மாதிரிச் சரிஞ்சு ஒரு பக்கம் விழுந்துது. பின்பக்கமாய்ச் சாஞ்சு இழுத்துக்கொண்டு நிண்ட தம்பிமார் எல்லாரும் ஒருத்தருக்கு மேலை ஒருத்தராய்ப் போய் விழுந்தினம். நான் போய்க் கைற்றைக் கழட்டி விட்டன். ஒருத்தருக்கும் கீறல் கூட இல்லை.

சிவராசா ஐயா எழும்பினார். மீசை முழுக்க மண். "பட்டத்தை விட்டிட்டானே!" எண்டார். கோபமில்லை அது, அருவருப்பு. "இத்தினை பேர் பிடிச்சுக்கொண்டு நிக்க, உவன் விட்டிட்டான். கையிலை கிடக்கிறதை வைச்சிருக்கத் தெரியாதவனுக்கு என்னெண்டு பெட்டையைக் குடுக்கிறது?"

தம்பிமார் மண்ணைத் தட்டிக்கொண்டு தலையாட்டினம். டிலக்சன் மண்ணிலையே இருந்தார். "முடிஞ்சுது அக்கா" எண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விண்ணைக் கழட்டி எல்லாருக்கும் ரெண்டு போடலாம் போலை இருந்தது.

அதுக்குள்ளை ஆரணி வந்து அவருக்கு முன்னாலை நிண்டா.

"ஏன் விட்டனீங்கள்?"

"அக்கா விடச் சொன்னவ."

"அப்பா விடாதை எண்டு சொன்னவரெல்லே? சித்தப்பாமாரும் சொன்னவை."

"அவைக்கு இந்தக் கைற் தெரியாது" எண்டார் டிலக்சன். "அக்காவுக்குத் தெரியும்."

ஆரணி தகப்பன் பக்கம் திரும்பினா. "அப்பா, எனக்கு ஓம்."

"என்ன ஓம்?"

"இத்தினை ஆம்பிளையள் காதுக்குள்ளை கத்தேக்கை, விசயம் தெரிஞ்ச பொம்பிளை ஒருத்தி சொன்னதைக் கேட்ட ஆள். எங்கடை வீட்டிலை அம்மா சொன்னதை நீங்கள் ஒரு நாளாவது கேட்டிருக்கிறியளோ?"

சிவராசா ஐயா மீசையிலை கிடந்த மண்ணைத் தட்டத் தொடங்கினார். அம்மா கூடையைத் திறந்து கோப்பையளை அடுக்கிக்கொண்டு, "அப்பிடிக் கேள் பிள்ளை" எண்டா.

டிலக்சன் அழுதார். நானும்தான். அன்ரன் அண்ணை மட்டும் தனக்குக் கண்ணுக்குள்ளை மண் எண்டு சொன்னார்.

ஆனபடியால் பிள்ளையள், வேக்போட்காரர் வந்தால் தட்டைப் பலகை, வார், இடுப்பு ஹார்னஸ், காத்துக்கு அளவான கைற். சப்பாத்தை லாச்சிக்குள்ளை பூட்டுங்கோ. எல்லாத்துக்கும் முதல், விடு எண்டால் விடுற ஆளோ எண்டு பாருங்கோ. விடாத ஆளுக்கு எந்தச் சாமானும் குடுக்கப்படாது.

கலியாணம் நல்லாய் நடந்தது. இப்ப சிவராசா ஐயா எனக்குப் போன் எடுத்து, தனக்கும் ஒருக்கால் அந்தக் கைற் வேணுமாம் எண்டு நச்சரிக்கிறார். நான் இன்னும் குடுக்கேல்லை. முதல் ஆரணியின்ரை அம்மா சொல்லுறதை ஒரு நாளைக்குக் கேட்டுக் காட்டுங்கோ, பேந்து வாங்கோ எண்டு சொல்லிப்போட்டன்.